அழுத்தத்துக்குத் திசை கிடையாது

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே என் அண்ணனுக்காகக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் ஒருவர் இருந்தார். கரமனைக்காரர், பள்ளியில் பிசிக்ஸ் ஆசிரியர். உள்ளே அவர் மனைவி. நெடிய உருவம், சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். பேசும்போதெல்லாம் விரலால் காற்றில் அம்புக்குறி போடுவார். கேன்டீன் எங்கே என்று நான் கேட்டதற்கும் ஓர் அம்புக்குறிதான் பதில்.

மலையாள நர்ஸ் கதவைத் திறந்து, அவர் மனைவிக்கு பிரஷர் எண்பது என்றாள்.

"எந்தப் பக்கம் போறது, சிஸ்டர்? ஏறறதா, எறங்கறதா?"

"அது டாக்டர் பறயும், மாஷே." கதவு மூடிக்கொண்டது. மற்றதை டாக்டர்தான் சொல்ல வேண்டுமாம்; அவளுக்கு எண்ணை மட்டும் சொல்ல அனுமதி போலும்.

அவர் என் பக்கம் திரும்பினார். "ஃபோர்ஸுன்னா டைரக்‌ஷன் உண்டு, கேட்டேளா? ஒரு பக்கம் தள்ளினா, எதிர்ப்பக்கம் நின்னு பிடிச்சுக்கலாம். பிரஷர் ஸ்கேலராக்கும். வெறும் நம்பர், டைரக்‌ஷன் கிடையாது. இதை நான் எங்கேன்னு பிடிக்கறது?"



சற்று நேரத்தில் அதே நர்ஸ் வந்தாள். "எழுபது."

 இம்முறை அவர் விரல் தானாகக் காற்றில் கீழ்நோக்கி இறங்கத் தொடங்கியது. பாதியில் மறு கையால் அதை இறுகப் பிடித்து நிறுத்தினார். கதவு மூடிய பிறகும் விடவில்லை.