காருக்கு அடியில் ஓடும் காற்று

என் மனைவி காரை விரட்டும்போது நான் பார்ப்பதில்லை. காதால் கேட்பதோடு சரி. கிழமை நாட்களில் அவள் கண்டி டவுனில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். பிள்ளைகளுக்காக ஊர்ந்துதான் போவாள். அதற்கெல்லாம் சேர்த்து வைத்து, எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ்நாட்டுப் பந்தயப் பாதையில் எங்கள் பழைய சின்னக் காரைப் பறக்கவிடுவாள். அந்தக் காரை கட்டுகஸ்தோட்டையில் உள்ள என் கராஜில் பிரித்து மாற்றிக் கட்டியவன் நான். அவளுக்கு ஏதாவது ஆனால் அது என் கையால்தான் என்ற நினைப்போடுதான் சோறு இறங்கும்.

ஒருமுறை ஓட்டிவிட்டு வந்து சொன்னாள்: “நீள வளைவுல வேகம் புடிச்சா பின்பக்கம் லேசாயிருதுங்க. ரோட்ட விட்டுத் தூக்குற மாதிரி.”

அதோடு என் தூக்கம் போயிற்று. ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான். காற்றைப் பற்றி நான் படித்ததெல்லாம், புசல்லாவை பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, கண்டக்டரிடம் ஏச்சு வாங்கியபோது படித்ததுதான். உள்ளங்கையைக் கொஞ்சம் நிமிர்த்தினால் கை தானாக மேலே போகும். காருக்கு அடியிலும் காற்று ஏதோ ஒன்றை அப்படித்தான் தூக்குகிறது என்று பட்டது.

மஞ்சள்தூளை மண்ணெண்ணெயில் கரைத்து அடிப்பாகம் முழுக்கப் பூசி, அவளை ஒரு சுற்று ஓட்டிவரச் சொன்னேன். ஜேக்கில் தூக்கிப் பார்த்தால், முன்பக்கம் மஞ்சள் நேர்கோடாக ஓடியிருந்தது. சைலன்சரைத் தாண்டியதும் சுழி சுழியாகக் குழம்பி, பின் பம்பரின் குழிக்குள் போய் அப்பியிருந்தது. பம்பர் குடை மாதிரி காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“கறிக்கு மஞ்சள் இல்ல. எல்லாத்தையும் காருக்குப் பூசியாச்சா? என்ன, வயசுக்கு வந்துருச்சா?” என்றாள்.

மூடிப்போன ஒரு சாப்பாட்டுக் கடையின் பெயர்ப்பலகைத் தகடு கிடைத்தது. லேசானது, விறைப்பானது. அதை வெட்டி, காருக்கு அடியில் ஒரே தட்டாக மட்டமாகப் பொருத்தினேன். சைலன்சரின் சூடு போக இடைவெளி விட்டேன். பின்முனையை மெல்ல மேலே சாய்த்தேன். காற்று பம்பருக்குள் போகாமல் வழுக்கி வெளியே போகட்டும் என்று. ‘கோழிக் கொத்து’ என்ற எழுத்து மட்டும் ரோட்டைப் பார்த்தபடி இருந்தது.

அதன் பிறகு வேறு பயம் வந்தது. ஓடும்போது தட்டு ஒரு பக்கம் கழன்றால் காற்று உள்ளே புகுந்து காரையே புரட்டிவிடுமே. ஸ்க்ரூ மேல் ஸ்க்ரூவாகப் போட்டேன்.

“இன்னும் போட்டீங்கன்னா அது காரு இல்ல, சல்லடை.”

அடுத்த பந்தயத்தன்று காலை பாதைக்குப் போய் இறங்கியதும், புது வேலை செய்த வண்டியாயிற்றே என்று சூடம் காட்டி, நாலு டயருக்கும் தேசிக்காய் வைத்து, முன்னால் சிதறுகாய் உடைத்தேன். அவள் கும்பிட்டுவிட்டு ஏறி, தேசிக்காயை நசுக்க வண்டியை நகர்த்தினாள். அடியில் ‘படக்’ என்றது.

மற்ற வண்டிகள் சிரட்டைத் துண்டைத் தாண்டிப் போய்விடும். இந்தத் தட்டுக்கும் தரைக்கும் நடுவே மூன்று விரல்கூட நுழையாது. அவ்வளவு தாழ்வாக வைத்தவனே தேங்காயையும் உடைத்திருக்கிறேன். சிரட்டை செருகி, தட்டின் முன்மூலை பிளந்திருந்தது.

“வேணாம் புள்ள, வீட்டுக்குப் போவோம். சாமியே வேணாங்குது.”

“சாமி எங்க சொல்லுச்சு? தேங்கா ஒடச்சது நீங்க.”

பிளந்த மூலையை வெட்டி எறிந்தேன். விளிம்பை அரத்தால் ராவி, குறுக்கே அலுமினியப் பட்டை வைத்து ரிவெட் அடித்தேன். இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். அவள் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தாள்.

“போகவா வேணாமான்னு கேக்கல. நிக்குமா நிக்காதா? அத மட்டும் சொல்லுங்க.”

வானம் கறுத்த பிறகும் மழை வரும் என்று அடித்துச் சொல்லாதவன் நான்.

“நிக்கும்.”

“‘பாப்போம்’ இல்லையே?”

“நிக்கும்னு சொல்றேன்ல!”

அவள் போனாள். நான் பாதைக்கு முதுகைக் காட்டி நின்றேன். நீள வளைவு வந்தால் அவள் காலைத் தளர்த்துவாள், எஞ்சின் சத்தம் இறங்கும். அது எனக்கு மனப்பாடம். முதல் சுற்றில் இறங்கியது. அடுத்ததில் கொஞ்சமாக. அதற்கடுத்த சுற்றில் இறங்கவே இல்லை. எனக்குத்தான் மூச்சு இறங்கவில்லை.

வண்டி வந்து நின்றதும், ஜேக்கைப் போட்டுத் தூக்கி அடியில் புகுந்துவிட்டேன். தட்டு சூடாக, அசையாமல் இருந்தது. ஒரு துண்டுத் தேங்காய் மட்டும் பட்டையோரம் ஒட்டிக்கிடந்தது.

“பின்பக்கம் தூக்கவே இல்லங்க. பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டுப் போகுது,” என்று மேலே குரல் கேட்டது. நான் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தேன். வெளியே நீட்டியிருந்த என் காலை அவள் காலால் தட்டினாள்.

“வெளிய வாங்க. நான் இங்க நிக்கிறேன், அங்க இல்ல.”

முன்மூலை ரிவெட்டை மட்டும் இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.