கோட்டு நிபுணரும் லுங்கி நிபுணரும்

காலையிலேயே எங்கள் டெல்லி கிட்வாய் நகர் வீட்டில் ஒரே சத்தம். டிவியில் கிரிக்கெட் வீரர்கள் ஏலம்.

"இந்தப் பையனை யாருமே வாங்க மாட்டாங்க" என்றார் டிவியில் கோட்டு போட்ட நிபுணர்.

"இவனுக்கு என்ன தெரியும்? நம்ம டெல்லிதான் தூக்கும், எழுதி வெச்சுக்கோ!" என்று லுங்கியை மடித்துக் கட்டினார் என் வீட்டுக்காரர்.

மும்பை வாங்கியது.

மகள் எட்டிப் பார்த்தாள். "அரே அப்பா, இது போன வருஷத்து ஏலம். ரிப்பீட் ஓடுது."

மனிதர் அசரவே இல்லை. "அதான் சொல்றேன், அந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியலைன்னு!"

நடக்கப் போவதைத் தப்பாகச் சொன்ன கோட்டுக்காரருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். நடந்து முடிந்ததையே தப்பாகச் சொன்னவருக்கு நான் இரண்டாவது காபி கொடுத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டு நிபுணருக்கு எத்தனை காபி?