சவரிமுத்து கடை கிரில் அடுப்பு

"சரி பண்ணலாமா, புதுசு வாங்கலாமா?" என்று கேட்பவர், அநேகமாக முடிவு செய்துவிட்டுத்தான் கேட்பார். என்னைப்போல் கேஸ் அடுப்பு ரிப்பேர் பார்த்துப் பிழைக்கும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. கோவில்பட்டி எட்டயபுரம் ரோட்டில் கிரில் சிக்கன் கடை வைத்திருக்கும் சவரிமுத்துவும் அப்படித்தான் என்னைக் கூப்பிட்டார்.

திருப்புளி செய்த குற்றம்

கடை தொடங்கிய நாளில் வாங்கிய அடுப்பு. கோழி கோக்கிற கம்பிகள் முனகிக்கொண்டே சுற்றின. பர்னரை மாற்றலாம், மோட்டாரை மாற்றலாம். பக்கவாட்டுத் தகட்டைத் திருப்புளியால் லேசாகத் தட்டினேன். வெந்த கிழங்கில் இறங்குவதுபோல் உள்ளே போய்விட்டது. கீழே மசாலாக் கறையைச் சுரண்டினால் இன்னும் நாலு ஓட்டை. சவரிமுத்து என்னைத்தான் முறைத்தார்.

"அண்ணாச்சி, நீங்க குத்துத வரைக்கும் அது நல்லாத்தான இருந்துச்சு?"

ரகசியச் சிபாரிசு

அவர் கோழி எடுக்கப் போன நேரத்தில், அவர் மனைவி அந்தோணியம்மாள் டீ கொண்டுவந்தார். அடுப்புக்குப் பக்கத்தில் நின்று கோழி வெட்டிக் கொடுப்பது அவர் வேலை. டம்ளரை நீட்டிய கையில், முழங்கைக்குக் கீழே, புதுசும் பழசுமாகச் சூட்டுத் தழும்புகள்.

என் மனைவி இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அவள் கையில் இப்படி ஏதாவது இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. ஊர் அடுப்பையெல்லாம் பார்த்தவன் நான். அந்தோணியம்மாள் குரலைத் தாழ்த்தினார்.

"தேறாதுன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க அண்ணாச்சி. நான் சொன்னா அவிய கேக்க மாட்டாவ, திருப்புளி வச்சிருக்கவிய சொன்னா கேப்பாவ."

இடம் மாறியபோது

சொன்னேன். "ராசியான அடுப்பு அண்ணாச்சி" என்று சவரிமுத்து அசையாமல் இருந்தார். சாயங்காலம் அடுப்பைப் பற்றவைத்ததும், மனைவி நிற்கிற இடத்தில் அவரை நிற்கச் சொன்னேன். ஆடி மாதம், கரிசல் காட்டுக் காற்றுக்குக் கேட்கவா வேண்டும்? ஒரு வீச்சு வீசியதுதான், ஓட்டை வழியாகத் தீ எட்டிப்பார்த்து அவர் கை முடியைப் பொசுக்கிவிட்டது.

துள்ளி விலகியவர், "ஏட்டி, இத்தன நாளா இத ஏன் சொல்லல?" என்று கத்தினார். அந்தோணியம்மாள் வெட்டுகிற கத்தியை நிறுத்தவே இல்லை.

"சொன்னேன். காத்துக்கு எதிர நிக்காதட்டின்னு நீங்கதான் சொன்னிய."

மறுவாரம் புது அடுப்பு வந்தது, என் ரிப்பேர் வேலை போனது. ஆனாலும் அந்தக் கடையில் எனக்கு மட்டும் இன்றுவரை லெக் பீஸ் ஒன்று கூடுதலாகவே விழுகிறது.