நான் பிடுங்கிய பன்னிரண்டு வளையங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு நல்ல காரியம் செய்தேன். அது நல்ல காரியமே இல்லை என்று தெரிய மூன்று நாள் ஆனது. அதை வாய் திறந்து ஒப்புக்கொள்ள இன்னும் எட்டு நாள்!

அடி அண்ணாமலைப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு அமைப்பு மரம் வளர்க்கிறது. கால் புதையச் சருகு, நல்ல நிழல். என் வாக்கிங் அங்கேதான். அன்றைக்குப் பௌர்ணமிக்கு மறுநாள். கிரிவலம் வந்தவர்கள் அங்கேயும் நுழைந்து தண்ணீர் பாட்டில்களை வீசிவிட்டுப் போயிருந்தார்கள். கோபம் வந்தது. ஒரு சாக்கை எடுத்துப் பொறுக்க ஆரம்பித்தேன்.

மரங்களுக்கு நடுவே, மண்ணில் பாதி புதைந்து, சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள். இதையுமா விட்டுவிட்டுப் போவார்கள்? பன்னிரண்டு இருந்தன. பன்னிரண்டையும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கினேன். கட்டிய மூட்டையோடு ஒரு செல்ஃபி எடுத்து வாக்கிங் குரூப்பில் போட்டேன். முப்பது கைதட்டல். மூட்டை குப்பை வண்டியில் போனது.

செவ்வாய் மாலை கோடை மழை. புதன்கிழமை காலை போனால், ஒரு பெண் ஈர மண்ணில் மண்டியிட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பெட்டி மெஷின். பெயர் செல்வி. கீழ்பென்னாத்தூரில் மணிலாக்கடலை பயிரிடும் குடும்பம், ஆராய்ச்சி மாணவி. இரண்டு வருடமாக பஸ் பிடித்து இங்கே வருகிறாளாம்.

என்னம்மா தேடுகிறாய் என்றேன். மண்ணில் பதித்திருந்த குழாய் வளையங்களைக் காணோம் என்றாள். எதற்கு வளையம் என்று ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன்.

“மண்ணும் மூச்சு விடும் சார். உள்ள இருக்கிற நுண்ணுயிருங்க சருகைத் தின்னும்போது கரியமில வாயு வெளிய வரும். சூடு ஏற ஏற அது ஜாஸ்தியாயிடும்.”

மரம் உள்ளே இழுப்பதை மண் வெளியே விடுகிறது. பூமி சூடாகிக்கொண்டே போனால் எது ஜெயிக்கும் என்பதுதான் அவளுடைய கேள்வி. வெயில் மட்டும் இருந்தால் போதாதாம், ஈரமும் வேண்டுமாம். அதனால் கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த மண்ணில் முதல் மழை விழும்போது வாயு குபுகுபுவென்று கிளம்பும். வளையத்துக்கு மூடி போட்டு, மெஷினை இணைத்து அதை அளப்பாள். அந்த ஒரு மழைக்காகத்தான் மாதக்கணக்கில் காத்திருந்தாள்.

வேறு வளையம் நட்டால் ஆகாதா என்றேன்.

“நடும்போது மண்ணு கலைஞ்சிடும் சார், வேரு அறுந்துடும். கணக்கு தப்பா வரும். அது அடங்கவே பல வாரம் ஆவும். முதல் மழை இனிமே அடுத்த வருஷம்தான்.”

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு. ஆடு மேய்க்க வருகிறவர்கள் யாராவது எடுத்திருப்பார்கள் என்றேன். வாரா வாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் உங்களுக்கு நியாயம் சொல்கிற அதே ஆள்தான்... கேட்காமலே ஒரு திருடனையும் காட்டிக் கொடுத்தேன்.

செல்வி அதை நம்பி அமைப்பில் சொல்லியிருக்கிறாள். ஆடுகளை உள்ளே விட்டது யார்? காவல்காரர் ஏழுமலைதான் என்று முடிவு கட்டி, அவரை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். இதுவும் எனக்குத் தெரிய வந்தது. தெரிந்தும் நான்கு நாள் வேறு பாதையில் வாக்கிங் போனேன்.

பன்னிரண்டாம் நாள், அமைப்பின் அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னேன். செயலாளர் சிரித்தார். நல்ல எண்ணத்தில்தானே சார் செய்தீர்கள் என்று காபி வரவழைத்தார். நான் குற்றவாளி, எனக்குக் காபி. ஏழுமலைக்கு விசாரணைகூட இல்லை.

செல்வியிடமும் சொன்னேன். எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் பிடுங்கினீர்கள் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு தலை நிமிராமலே சொன்னாள்: “அன்னிக்கே சொல்லியிருந்தா அவருக்கு வேலை போயிருக்காது சார்.”

ஏழுமலை வீட்டுக்குப் போனேன். நாற்காலி எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

“தெரியும் சார். நீங்க சாக்கு தூக்கினு போனத பாத்தேன்.”

அமைப்பில் ஏன் சொல்லவில்லை என்றேன்.

“நான் சொன்னா யாரு சார் நம்புவாங்க? நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்.”

அவர் மறுபடி வேலைக்கு வந்துவிட்டார். செல்வி புது வளையங்கள் நட்டிருக்கிறாள். அடுத்த கோடை வரை அவளுடைய படிப்பு நீள்கிறது.

தினமும் காலையில் ஏழுமலை எனக்கு வணக்கம் சொல்கிறார் — ஒன்றுமே நடக்காதது போல. திட்டியிருக்கலாம்.