கட்டில் காலில் கட்டிய பலகை

பிசியோதெரபி அறையில், அசைவற்று மரத்துப்போன என் இடது காலை மிதி இயந்திரத்தில் கட்டிவிட்டார்கள். கண்ணை மூடிப் படுத்திருந்தேன். டக், டக் என்று சத்தம் கேட்டது.

காஞ்சிபுரத்து நெசவாளர்கள் சேர்ந்து கட்டிய இதே ஆஸ்பத்திரிக்கு அப்போது இரண்டே அறைகள். எனக்கு எட்டு வயது. பக்கவாதத்தில் அப்பாவின் இடது கால் அசைவற்றுப் போயிருந்தது. பயிற்சிக்குக் கருவி இல்லை. நர்ஸம்மா எங்கள் தறியின் மிதிபலகையைக் கொண்டுவரச் சொல்லி, கட்டில் காலில் கயிற்றால் கட்டினார். அம்மா தினமும் அப்பாவின் பாதத்தைப் பிடித்து அதை அழுத்தவைத்தாள். பலகையில் பழைய எண்ணெய் வாசனை அடித்தது.

பத்தாம் நாள் மதியம் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அம்மாவின் கைகள் மடியில் இருந்தன. பலகை இறங்கி ஏறியது.

“நர்ஸம்மா, யாரோ மிதிக்கிறாங்க!” என்று அம்மா அலறினாள்.

“உன் வீட்டுக்காரர்தான்மா மிதிச்சிக்கினு இருக்காரு. எழுப்பிடாத, முழிச்சா கால் மறந்துடும்.”

அப்பா விழித்தார். பலகை நின்றது. ஆனாலும் அடுத்த தீபாவளிக்கு முன் அவர் தறியில் உட்கார்ந்துவிட்டார். பலகையை ஆஸ்பத்திரியே வைத்துக்கொண்டது. அதன் இடத்தில்தான் இந்த இயந்திரம் வந்திருக்கிறது.

நான் ஒருநாளும் தறியில் உட்கார்ந்ததில்லை.

கண்ணைத் திறந்தேன். சத்தம் நின்றது. பயிற்சி தரும் பெண் பிளக்கைக் கையில் பிடித்தபடி என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மேடம், நான் இன்னும் மெஷினை ஆன் பண்ணவே இல்ல.”

அவசரமாகக் கண்ணை மூடிக்கொண்டேன்.