போட்டோவில் இல்லாத மகள்

எனக்கு மைன்ஸில் ஷிப்ட் வேலை. ஷிப்ட் முடிந்து வேன் கிளம்புமுன் தலை எண்ணுவது என் பொறுப்பு. அந்த எண்ணுகிற மகா புத்தி என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று கேளுங்கள்.

ஜப்பானில் படிக்கும் என் மகள், சனிக்கிழமை வகுப்புத் தோழர்களோடு கியோட்டோவுக்குப் பழைய கோயில், கோட்டை எல்லாம் பார்க்கப் போனாள். காலையில் ரயிலடியில் யாரோ எடுத்துக் கொடுத்த படம் வந்தது; பன்னிரண்டு பேர். பிறகு கோயில் வாசலில் ஒரு படம், பதினொரு பேர். என் மகளைக் காணோம். போன் அடித்தால் எடுக்கவில்லை.

லுங்கியோடு பக்கத்து குவார்ட்டர்ஸுக்கு ஓடினேன். அங்கிருந்த மேதாவி, "அந்த ஊர்ல பூகம்பம் சகஜங்க" என்று ஆறுதல் சொன்னார். பதினொரு பேரை விட்டுவிட்டு என் மகளை மட்டும் விழுங்கிய பூகம்பம். அதையும் நம்பினேன்.

கூடப் போயிருந்த பேராசிரியருக்குப் போன் போட்டு, எனக்கே புரியாத இங்கிலீஷில் கதறினேன். பாவம், கோட்டைக்குக் கிளம்பிய பஸ்ஸை நிறுத்தி அவர் தலை எண்ணினார். பன்னிரண்டும் இருந்தது.

சற்று நேரத்தில் மகள் கூப்பிட்டாள். "அப்பா, அந்த போட்டோவ எடுத்ததே நான்தான். கோயில்னு போன சைலண்ட்ல வெச்சிருந்தேன். உங்களால பஸ் லேட்டாகி, இப்ப கோட்டை கேட்ட மூடிட்டாங்க. எல்லாரும் என்னையே மொறைக்கறாங்க."

"இவரை நம்பி மைன்ஸ்ல ஆள உள்ள அனுப்பறாங்க பாரு" என்றாள் மனைவி, எனக்குக் கேட்கும்படியே.

இப்போதெல்லாம் எந்தப் படம் வந்தாலும் எடுத்தவரையும் சேர்த்துத்தான் எண்ணுகிறேன். ஆனால் மகள் ஆள் இருக்கும் படமே அனுப்புவதில்லை. கோயில் தூண்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.