மாமியின் வாசல்

எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடித்தவன் அங்கே போய்க் குடியிருக்க வேண்டும். அப்படித்தான் நானும் வாவிக்கரையில் இருந்த என் மனைவியின் வீட்டுக்குப் போனேன். நாலாம் வருஷம், யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, அந்த வீட்டைத் திருத்த வேண்டி வந்தது. உவர் ஏறி, மேற்குச் சுவரில் கை பட்டாலே சாந்து மாவாய்க் கொட்டியது. கூரையைத் தாங்கிய வளைமரத்தைக் கறையான் தின்று கோதாக்கியிருந்தது.

மனைவியின் தாய், என் மாமி, எங்களோடுதான் இருந்தார். அவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது. ஆனால் அந்த வீட்டுக்குள் அவர் ஒருநாளும் தடுமாறியதில்லை. மேற்கு வாசலால் இறங்கித் தனியே கிணற்றடிக்குப் போவார், தண்ணீர் அள்ளி வருவார், சோறு வடிப்பார்.

யுத்தத் தடையால் சீமெந்து எங்கும் கிடைக்கவில்லை. வாவி மட்டிச் சிப்பியைச் சுட்ட சுண்ணாம்புதான் இருந்தது. காத்தான்குடியிலிருந்து வந்த மேசன், வெறும் சுண்ணாம்பில் கட்டுவதானால் கூரைப் பாரம் விழும் மேற்குச் சுவரில் வாசல் விடாதிருப்பது நல்லது என்றார். எனக்கும் சரியாகப் பட்டது. வாசலை வடக்குச் சுவருக்கு மாற்றச் சொன்னேன். மாமியிடம் சொன்னபோது எத்தனை அடி தள்ளி என்று மட்டும் கேட்டார். பத்தடி இருக்கும் என்றேன். அதோடு அந்தக் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை முடியும்வரை அவரை வந்தாறுமூலையில் அவருடைய தங்கை வீட்டில் விட்டிருந்தோம். இரண்டு மாதம் கழித்துக் கூட்டி வந்தோம். வெள்ளையடித்த வீட்டை ஊரார் வந்து பார்த்துவிட்டுப் போன பெருமையில் நான் நின்றேன். மாமி உள்ளே வந்தார். மனைவி கை கொடுக்குமுன், பழக்கத்தில் நேரே மேற்கே நடந்தார். நெற்றி சுவரில் மோதியது.

இரண்டு உள்ளங்கையாலும் சுவரை மேலும் கீழும் தடவினார். பிறகு கேட்டார்:

“மகன், என்ட வாசல் எங்க?”

மனைவி அவர் கையைப் பிடித்து வடக்கே கூட்டிப் போனாள்.

அடுத்த நாளே மேசனைத் தேடிப் போய், பழைய இடத்தில் சுவரை உடைத்து வாசல் விடக் கேட்டேன். அவர் வந்து தட்டிப் பார்த்தார். சுவரின் உள் ஈரம் காயவில்லை, இப்போது உடைத்தால் கூரையும் சேர்ந்து இறங்கும், மாரி கழியட்டும் என்றார்.

மாரி கழிந்து, மேசன் சொன்னபடி உளி சுத்தியலோடு வந்தார். மாமி கட்டிலில் இருந்தபடியே வேண்டாம் என்றார்.

“ரெண்டாந்தரமும் இந்த வீட்டப் பழக என்னால ஏலாது மகன். இருக்கட்டும்.”

அதன்பிறகு மூன்று வருஷம் உயிரோடு இருந்தார். மகள் கையைப் பிடித்துத்தான் கிணற்றடிக்குப் போனார். அடுப்படிப் பக்கம் போகவேயில்லை. என்மீது ஒரு குறையும் சொன்னதில்லை.

சுவர் நன்றாகவே நின்றது. வேலை தொடங்குமுன் அளவுக்கயிறோடு எத்தனையோ நாள் அந்த வீட்டைச் சுற்றியிருக்கிறேன். ஒருநாளாவது மாமியின் பின்னால் நடந்து, அவர் எங்கெங்கே கை வைத்துப் போகிறார் என்று பார்க்கவில்லை.